கோயிலைப் பார்க்க வாருங்கள்! கார் நிறுத்த வயலைக் கேட்காதீர்கள்!

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! விவசாயத் தொழிலாளர்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

நம்ம கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு உலகம் முழுக்கப் பேர் இருக்கிறது. 1987-ல் தஞ்சைப் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. 2004-ல் நம் ஊர்க் கோயிலையும் தாராசுரத்தையும் அதோடு சேர்த்தது. அன்றிலிருந்து கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. 2025 ஆடித் திருவாதிரைக்கு, ராஜேந்திர சோழன் கடல் கடந்து படை நடத்திய ஆயிரமாவது ஆண்டு என்று விழா எடுத்தார்கள். ஜூலை 27-ந் தேதி பிரதமரே வந்து போனார்.

வரட்டும். பத்துப் பேர் வந்தால் பத்துக் கடை நடக்கும். நம் பாட்டன் பூட்டன் காவல் காத்த கோயிலை நாலு ஊர்க்காரன் வந்து பார்ப்பது நமக்கும் பெருமைதான். வருகிறவர்களோடு நமக்கு ஒரு சண்டையும் இல்லை.

வருகிறவர்களுக்கு வசதி செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அளவுக் கருவியோடு வயலில் இறங்குகிறார்களே, அவர்களோடுதான் நமக்குப் பேச்சு இருக்கிறது. "என்னங்க அளக்கிறீங்க?" என்று கேட்டால், "சும்மா, கார் நிறுத்த இடம் பார்க்கிறோம்" என்று பதில். எந்தத் துறை? பதில் இல்லை. எந்தச் சர்வே எண்? பதில் இல்லை. எழுத்தில் ஏதாவது உண்டா? அதுவும் இல்லை. கிராம சபையில் ஒரு வார்த்தை வைத்தார்களா? இல்லவே இல்லை!

ஆடியிலும் ஐப்பசியிலும் அடைபடுவது யார் வழி?

வருசத்தில் இரண்டு நாள் இந்த ஊர் தாங்காது. ஒன்று ஆடித் திருவாதிரை. மற்றொன்று ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம். இந்த இரண்டு நாளும் எந்தக் காலத்தில் வருகிறது என்று திட்டம் போடுகிறவர்கள் யோசித்தது உண்டா?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதை, உரம், ஏர் ஓட்ட டிராக்டர் என்று நாம் ஓடுகிற நேரம் அது. ஐப்பசியோ நடவு முடிந்தும் முடியாமலும் கிடக்கிற மாசம். நாற்றுக் கட்டு வண்டியில் ஏறியிருக்கும், நடவாட்கள் காத்திருப்பார்கள், மழை தலைக்கு மேலே நிற்கும். அன்றைக்குப் பார்த்து ரோட்டின் இரண்டு பக்கமும் கார், வேன், பஸ் வரிசை. வண்டிப்பாதையின் வாயிலே ஒரு காரை நிறுத்திவிட்டு, பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே போன டிராக்டர் வெளியே வர முடியாது. பால் வண்டி வர முடியாது. பிரசவத்துக்குப் போகும் ஆம்புலன்சுக்கும் இதே கதிதான்.

அன்னாபிஷேகத்துக்கு நூறு மூட்டை அரிசி வடித்து, பதிமூன்று அடி லிங்கத்தை மூடுகிறார்கள். நல்ல காரியம். அந்த அரிசி வானத்திலிருந்து விழவில்லை. விவசாயி விளைவித்த நெல் அது. அந்தச் சாதத்தைத் தரிசிக்க வருகிற வண்டி, அடுத்த வருசத்து நெல்லின் மேல் ஏறி நிற்கலாமா?

வண்டியாவது சாயங்காலம் போய்விடும். போனபிறகு கிடப்பதுதான் பெரிய வேதனை. வாய்க்காலில் தண்ணீர் பாட்டில், சாப்பிட்ட தட்டு, பாலித்தீன் பை. வரப்போரம் உடைந்த கண்ணாடிப் பாட்டில். களை எடுக்க வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிற நம் பெண்களின் காலைத்தான் அது கிழிக்கிறது. கழிப்பிட வசதி போதாததால் கூட்டம் எங்கே ஒதுங்குகிறது? நம் கரும்புக் கொல்லையில்தான். வந்த பெண்கள் படும் பாடும் கொஞ்சமல்ல. அவர்களும் நம் அக்கா தங்கச்சிகள்தானே?

வாய்க்காலுக்கு மேல் மண்ணைக் கொட்டி வண்டி ஏறப் பாதை போடுகிறார்கள். குழாய் போடாமல் கொட்டிய அந்த நாலு டிப்பர் மண், கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் இல்லாமல் செய்கிறது. மழை பெய்தால் மேல்மடைக்காரன் பயிர் மூழ்குகிறது.

சட்டம் குறுக்கே நிற்கிறதா?

கழிப்பிடம் கேட்டால், வடிகால் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "தொல்லியல் சட்டம் இருக்குங்க, ஒரு செங்கல் வைக்க முடியாது." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று நாமே பார்ப்போம்.

1958-ல் வந்த சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதில் புதிதாக ஒன்றும் கட்டக் கூடாது. இருப்பதைப் பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதியோடு கட்டலாம். மீறினால் இரண்டு வருசம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அதனால் நூறு மீட்டருக்குள் நிலம் வைத்திருக்கிற விவசாயி புதிதாக ஒரு மாட்டுக்கொட்டகை எழுப்ப முடியாது. கோயிலுக்காக அந்தக் கஷ்டத்தை நாம் தாங்கிக்கொள்கிறோம்.

ஆனால் அதே சட்டத்தில், "கட்டுமானம்" என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில், எவையெல்லாம் அதில் சேராது என்றும் எழுதியிருக்கிறது. வடிகால் கட்டுவதும் பராமரிப்பதும் சேராது. பொதுக் கழிப்பிடம் சேராது. பொதுமக்களுக்குக் குடிநீர் கொடுக்கும் வேலை சேராது. மின்சார வசதி சேராது. அதிகாரிகளே, இந்த வரிகளை நீங்கள் படித்தது இல்லையா? எங்களைப் போல ஏர் பிடிக்கிறவன் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே! மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால் தொல்லியல் துறை பார்த்து இடத்தை மாற்றிக் கொடுக்கட்டும். மாளிகைமேட்டில் தோண்டத் தோண்ட அரண்மனைச் சுவர் வந்த ஊர் இது, அந்த எச்சரிக்கை நியாயம்தான். அதைச் சாக்காக வைத்துக் கழிப்பிடமே கிடையாது என்பது நியாயம் இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கோயில் கட்டடம் மத்திய தொல்லியல் துறைக்கு. பூசையும் திருவிழாவும் அறநிலையத் துறைக்கு. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. ஏரி நீர்வளத் துறைக்கு. குப்பை மட்டும் ஊராட்சிக்கு! நம் கோயிலில் நுழைவுக் கட்டணம் கிடையாது. அது சரிதான், சாமி கும்பிட டிக்கெட் கூடாது. ஆனால் குப்பை அள்ளும் செலவை ஒரு சின்ன ஊராட்சியின் தலையில் கட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் கைகழுவினால் எப்படி?

இரண்டு தடவை பட்டாச்சு!

"கவலைப்படாதீங்க, நல்ல விலை கிடைக்கும், உங்க பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்கிறார்கள். இந்த மாதிரிப் பேச்சு நமக்குப் புதிதா?

1836-ல் வெள்ளைக்காரன் கொள்ளிடத்தில் கீழணை கட்டினான். கல் தேவைப்பட்டது. நம் கோயில் மதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனான். தடுத்த ஊர் ஜனங்களைத் தண்டித்தான். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்று அவர்கள் காலத்து ஏட்டிலேயே, 1855-ல், எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கீழணையால் பாசனம் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஊரைக் கேட்காமல் எடுத்தார்கள், சொன்னதைச் செய்யவில்லை. நமக்கு அதுதான் பாடம்.

இரண்டாவது, நம் கண் முன்னால் நடந்தது. 1990-களில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரை எடுத்தார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. கோர்ட்டுக்கு அலைந்தே ஒரு தலைமுறை போனது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார்கள். போன காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அதனால்தான் இந்தத் தடவை எழுத்தில் கேட்கிறோம். 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி ஊராட்சியையும் கிராம சபையையும் கலந்து சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். பாசனம் பெற்று இருபோகம் விளைகிற நிலத்தை, வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, தோழர்களே! தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் 2001-ன் கீழ் எடுத்தால் சமூகத் தாக்க ஆய்வு வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருசம் புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்துவிட்டார்கள். கார் நிறுத்தத்தைச் "சாலை மேம்பாடு" என்று பேர் மாற்றிக் கொண்டுவந்தால் ஏமாந்துவிடக் கூடாது!

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. அஜந்தாவுக்குப் போங்கள். குகைக்கு நாலு கிலோமீட்டர் முன்னாலேயே காரை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து பஸ்தான். தாஜ்மகால் பக்கத்தில் பெட்ரோல், டீசல் வண்டியை விடுவதில்லை. பேட்டரி வண்டியில் போகிறார்கள், இல்லை நடக்கிறார்கள். யாராவது பார்க்காமல் திரும்பி வந்தார்களா?

தப்பான வழிக்கும் உதாரணம் இருக்கிறது. ஹம்பியில் பாலம் கட்டப் போய், 1999-ல் அந்த இடம் ஆபத்திலுள்ள சின்னங்கள் பட்டியலில் ஏறியது. 2006-ல்தான் அதிலிருந்து இறங்கியது. அதே ஹம்பியில் 2011-ல் கடைவீதி மண்டபங்களில் குடியிருந்த ஜனங்களை வீட்டை இடித்து வெளியேற்றினார்கள். உள்ளூர்க்காரனை விலக்கிவிட்டுச் சின்னத்தைக் காப்பாற்ற முடியாது என்பதால்தான், 2007-ல் உலகப் பாரம்பரியக் குழுவே தன் குறிக்கோள்களில் "உள்ளூர்ச் சமூகம்" என்பதையும் சேர்த்தது.

பெரிய மனிதர்கள் வந்தால் எல்லாம் முடிகிறது! 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது மாமல்லபுரம் சில நாளில் பளபளத்தது. 2025 ஜூலையில் நம் ஊரிலும் எந்த வண்டி எந்த வழி, எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டார்கள். ஒரு நாளைக்கு முடிந்தது, வருசா வருசம் இரண்டு நாளைக்கு முடியாதா?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. வண்டிக்கு ஐம்பது ரூபாய் வருகிறதே என்று நஞ்சையில் மண்ணடித்து வாடகைக்கு விடுகிற நண்பர்களே, அடுத்த வயல்காரனின் வாய்க்காலையும் சேர்த்தல்லவா தூர்க்கிறீர்கள்? அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் காலத்தில் விடுங்கள், யாரும் தடுக்கவில்லை.

நமது கோரிக்கைகள்

1. கார் நிறுத்தம் என்ற பேரில் பாசன நிலத்தில் ஒரு குழி கூட எடுக்காதே! அளவெடுத்த சர்வே எண்களை எழுத்தில் வெளியிடு!

2. விழா நாட்களில் ஜெயங்கொண்டத்திலும் மீன்சுருட்டியிலும் வெளியூர் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பஸ்ஸை இலவசமாக விடு!

3. வண்டிப்பாதைகளின் வாயில் வண்டி நிறுத்தத் தடை விதி! விவசாய வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரு வழியைத் திறந்து வை!

4. பெண்களுக்குத் தனியாக, தண்ணீர் வசதியோடு போதுமான கழிப்பிடம் கட்டு! தினமும் சுத்தம் செய்ய ஆள் போடு!

5. வாய்க்கால் மேல் கொட்டிய மண்ணை அகற்று! பாதை வேண்டிய இடத்தில் முறையாகக் குழாய் போட்டுக் கட்டு!

6. குப்பை அள்ளும் செலவை ஊராட்சிக்குத் தனி நிதியாகக் கொடு!

7. வண்டி நிறுத்துமிடத்தில் உழவர் சந்தை மாதிரி கடைகள் அமைத்து, நம் முந்திரி, கடலை, அரிசி விற்க உள்ளூர் விவசாயிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒதுக்கு!

8. எல்லாத் துறையும், ஊராட்சியும், விவசாயிகளும் உட்கார்ந்து பேச நிலையான குழு அமை! திட்டத்தைக் கிராம சபையில் வைக்காமல் ஒரு கல் நடாதே!

9. சோழகங்கம் ஏரியைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்துவிடு!

கடைசிக் கோரிக்கைக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கங்கை வரை வென்ற ராஜேந்திரன் வெற்றித்தூண் என்று எதை வைத்தான்? ஒரு ஏரியை வெட்டினான். தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. பதினாறு மைல் கரை கொண்ட ஏரி என்று பழைய குறிப்புகள் பேசுகின்றன. கோயிலும் ஏரியும் வயலும் அவனுக்கு ஒரே வேலை. கோயிலை மட்டும் பிரித்தெடுத்து வேலி போட்டு, ஏரியைத் தூர விட்டு, வயலில் தார் ஊற்றினால் அவன் பேரைச் சொல்லி விழா எடுக்க நமக்கு என்ன தகுதி?

விவசாயிகளே! வருகிற கிராம சபைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதவைத்து, கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நகலோடு அரியலூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகப் போவோம். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகம் முன்பு உட்காருவோம். வருகிற பக்தரையோ பயணியையோ யாரும் ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். கூடவே இந்த நோட்டீசையும் கொடுங்கள்!

கோயிலைக் காப்போம்! ஏரியை மீட்போம்! வயலை விட மாட்டோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்