இடி எப்போது இடிக்க வேண்டும்?

மண்ணூர்பேட்டையில் நாடகம் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் சேர்ந்து போடும் நாடகம். பகலில் லேத் மெஷின், இரவில் ஒத்திகை. மூன்று மாதம் இப்படிப் பாடுபட்டிருக்கிறார்கள்.

மேடையில் தாய் சாகக் கிடக்கிறாள். மகன் கதறுகிறான். சோகமாக வீணை ஒலிக்கிறது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள்.

வீணை முடிந்தது. உடனே கெட்டிமேளம் முழங்கியது!

கூட்டம் சிரித்தது. செத்துக்கொண்டிருந்த தாயும் சிரித்துவிட்டாள். மூன்று மாத உழைப்பு அதோடு போயிற்று.

யார் செய்த தப்பு? செல்போனில் பாட்டுக் கேட்கும் செயலியை நாடகத்துக்கு வைத்ததுதான் தப்பு. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டுக்குத் தாவுவது அதன் வழக்கம். மேடையில் கல்யாணமா, சாவா என்பது அதற்குத் தெரியுமா?

தகரமும் கொட்டாங்கச்சியும்

பழைய நாடகக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இடி வேண்டுமா? திரைக்குப் பின்னால் ஒருவன் தகரத்தை உலுக்குவான். குதிரை வேண்டுமா? இரண்டு கொட்டாங்கச்சியைத் தட்டுவான். அவன் கண் நடிகர் மேலேயே இருக்கும். நடிகர் நின்றால் அவன் கையும் நிற்கும். தெருக்கூத்தில் இன்றைக்கும் மிருதங்கக்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்.

பிறகு டேப் வந்தது. நடிகர் ஒரு காட்சியை மறந்து தாண்டிவிட்டால், டேப்பைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டும்!

காத்திருக்கும் கம்ப்யூட்டர்

இப்போது நாடகத்துக்கென்றே கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. கதைப்படி ஒலிகளை வரிசையாக அடுக்கி வைக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஓர் ஒலி வரும். மறுபடி அழுத்தும்வரை அடுத்தது வாய் திறக்காது. மழை பெய்யும்போதே அதன் மேல் இடியைப் போடலாம். இடி முடிந்ததும் மழையை மெல்ல மெல்லத் தணிக்கலாம்.

இவற்றில் பெயர்பெற்றது 'கியூலேப்'. சாதாரண ஸ்டீரியோ ஒலிக்கு அது இலவசம். ஆனால் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். அதற்காக மேக் வாங்குவது, தயிர் வேண்டும் என்று மாடு வாங்குவது போல! விண்டோசில் ஓடும் 'மல்டிபிளே' இலவசம். லினக்சில் ஓடும் 'லினக்ஸ் ஷோ பிளேயர்' இலவசம். சின்னக் குழுவுக்கு இவை தாராளமாகப் போதும். 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய மடிக்கணினி வீட்டில் இருக்கிறதா? அது ஒழுங்காக ஓடினால் சரி.

அழுத்துவது யார்?

மென்பொருளைத் தேடுவதற்கு முன்பு ஆளைத் தேட வேண்டும். பல குழுக்கள் நாடகத்தன்று மாலையில் மைக்செட்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிடுகின்றன. அவர் பாவம், கதையே தெரியாதவர்! எந்த வசனத்துக்கு எந்த ஒலி என்று எப்படி அறிவார்? ஒத்திகைக்கு ஒருநாள் தவறாமல் வந்தவர்தான் பொத்தானில் கை வைக்க வேண்டும். அவரும் ஒரு நடிகரே. நோட்டீசில் அவர் பெயரையும் போடுவதுதான் நியாயம்.

நாடகம் தொடங்குமுன் கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாவுக் காட்சியில் வாட்ஸ்அப் 'டிங்' என்னும். ஒலிகள் எல்லாவற்றையும் இன்னொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் போனால்? மடிக்கணினி ஓடும், ஒலிபெருக்கி ஓடாது. ஆகவே பழைய தகரம் ஒன்றும் திரைக்குப் பின்னால் இருக்கட்டும்.