அடுத்த பாயின்ட்டின் தைரியம்

கல்கத்தா சவுத் கிளப், 1966 டிசம்பர். டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் பிரேசிலும் தலா இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தன. எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணனுக்கு எதிரே பிரேசிலின் இடதுகை ஆட்டக்காரர் தாமஸ் காக். முதல் மூன்று செட்களில் இரண்டு காக் வசம். நான்காவது செட்டிலும் அவர் 5-2 என்று முன்னணியில். இன்னும் ஒரே ஒரு கேம் போனால் கதை முடிந்தது. கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை வென்று அந்த செட்டை 7-5 என்று பறித்தார். கடைசி செட் 6-2. டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு இந்தியா போனது அதுதான் முதல் முறை.

இத்தனைக்கும் கிருஷ்ணனிடம் எதிராளியை மிரட்டும் சர்வீஸ் கிடையாது. இருந்தது மணிக்கட்டின் நளினமும், பந்தை விரும்பிய இடத்தில் விழவைக்கும் துல்லியமும். நாகர்கோவிலில் பிறந்த மகனுக்கு அப்பா டி.கே. ராமநாதன் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அது. 2-5 என்ற நிலையில் புதிதாக வீரம் எதுவும் பிறந்துவிடாது. சிறுவயதிலிருந்து பழகியது கையில் இருக்கும், அவ்வளவுதான். 'ஜெயிப்பேன்' என்ற நினைப்பைத் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் 2-5க்கு வந்ததும் நொறுங்கிப் போகிறார்கள். 'இந்தப் பந்தை அந்த மூலைக்குத் திருப்ப எனக்குத் தெரியும்' என்று நினைக்கும் பிள்ளைக்கு ஸ்கோர் போர்டு அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

டென்னிஸில் கடிகாரம் இல்லை என்பது இங்கே முக்கியம். ஹாக்கியில் இரண்டு கோல் முன்னால் இருக்கும் அணி பந்தை அங்குமிங்கும் தட்டி நேரத்தைக் கடத்தலாம். இங்கே கடைசி பாயின்ட்டை வென்றுதான் ஆகவேண்டும். அதனால் பின்தங்கி இருப்பவருக்கு எப்போதும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. முன்னால் இருப்பவருக்கு உள்ளூர உதறல். 1973 விம்பிள்டன் கால் இறுதியில் 19 வயது விஜய் அமிர்தராஜ், யான் கோடெஸிடம் ஐந்தாவது செட்டை 5-7 என்று இழந்தார். கோடெஸ்தான் அந்த ஆண்டின் சாம்பியன். அப்படித் தோற்றவர் ஒரு வருஷம் துவண்டு கிடந்திருக்கலாம். விஜய் சில வாரங்களிலேயே அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரைத் தோற்கடித்தார்.

ரமேஷ் கிருஷ்ணன் வேறு ரகம். அப்பாவைப் போலவே அவருக்கும் வேகம் குறைச்சல். இல்லாததை நினைத்து ஏங்காமல் இருப்பதைக் கூர்தீட்டிக்கொண்டார். 1989 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனின் இரண்டாவது சுற்றில், அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவரும் நடப்புச் சாம்பியனுமான மேட்ஸ் விலாண்டரை 6-3, 6-2, 7-6 என்று வென்றபோது மெல்போர்ன் வாயடைத்துப் போனது.

இவர்களெல்லாம் டென்னிஸ் குடும்பங்களில் வளர்ந்தவர்கள், அல்லது சென்னையின் கிளப்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் பேசும் வடகரப்பதியில் ஒரு சிறுமி மட்டையைப் பிடிக்க ஆசைப்பட்டால்? தென்னையும் நிலக்கடலையும் விளைகிற மழை குறைந்த பூமி அது. வேலந்தாவளத்தில் எல்லையைத் தாண்டினால் கோவை மாவட்டம். டென்னிஸ் கோர்ட்டுக்கும் கோவைதான் கதி.

அந்தக் கோவையில் 1976ல் பிறந்தவர் நிருபமா வைத்தியநாதன். பயிற்சியாளர் வேறு யாருமில்லை, தமிழகத்துக்காக ரஞ்சி கிரிக்கெட் ஆடிய அவருடைய அப்பாதான். பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்து, எதிராளியின் கடைசிக் கோட்டருகே இறக்குவது நிருபமாவுக்குக் கைவந்த கலை. பார்க்க அழகான ஆட்டம் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் எதிராளியின் பொறுமையைத் தின்றுவிடும். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிஸிகினியை வென்றார். நவீன காலத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் ஒரு சுற்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 2013ல் வெளியான சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரே 'த மூன்பாலர்'. தன் ஆட்டம் எது என்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததே இல்லை போலும்.

தன்னம்பிக்கையைச் சோதிக்கும் இடம் இரண்டாவது சர்வீஸ். முதல் சர்வீஸ் வலையில் விழுந்துவிட்டது. இதுவும் போனால் பாயின்ட் எதிராளிக்கு. பயந்த பிள்ளை பந்தை மெல்லத் தள்ளிவிடும். மட்டையை முழுசாக வீசி, பந்தைச் சுழலவிட்டுக் கோட்டுக்குள் இறக்கக் கற்ற பிள்ளை நிமிர்ந்து நிற்கும். இது நூற்றுக்கணக்கில் அடித்துப் பழகும் சமாசாரம். காலிக் கோர்ட்டும் ஒரு கூடைப் பந்தும் போதும். ஒரு பாயின்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 விநாடி உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் அதில் மட்டையின் நரம்பைச் சரிசெய்வார்கள், பந்தை நாலு தட்டுத் தட்டுவார்கள். வெறும் சடங்கு போலத் தோன்றும். போன பாயின்ட்டைத் தொலைக்கும் வழி அது. 2025 முதல் பயிற்சியாளர் கோர்ட்டுக்கு வெளியிலிருந்து யோசனை சொல்லவும் விதி இடம் தருகிறது. அடிக்க வேண்டியவர் என்னவோ அதே ஒருவர்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேல் எகிறும் பந்தைக் கொடுத்து அழவைத்த காலமும் மலையேறிவிட்டது. 2012லிருந்து 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளே என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் விதி செய்திருக்கிறது. பந்து இடுப்பளவில் வருகிறது, பிள்ளை திருப்பி அடிக்கிறது, இன்னொரு முறை அடிக்க ஆசைப்படுகிறது.

மிச்சமிருப்பது திரும்பிப் போகும் பஸ். போட்டி முடிந்து வேலந்தாவளம் பஸ்ஸில் ஏறியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஜெயிச்சயா கண்ணு?" என்பதுதான். தோற்ற நாளில் அதற்குப் பதில் கிடையாது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். "ரெண்டாவது சர்வீஸ் எத்தனை உள்ளே விழுந்துச்சு?" என்று கேட்டால் எண்ணிச் சொல்வதற்குள் எல்லை வந்துவிடும்.