காற்றுக்கும் கூலியா?

கணக்கு கல்விச்சாலைக்கு உரியது, கட்சிப் பணி ஆற்றுவோருக்குக் கணக்கு எதற்கு என்று கேட்போர் உளர். கேட்கட்டும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால், தில்லியிலே வீற்றிருப்போர் ஏழைத் தொழிலாளியிடம் காட்டும் பரிவு எத்தனை பலம், பேசும் பேச்சு எத்தனை சேர் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். பாகூர்க் கொம்யூனிலே, கடலோரத்து மணப்பட்டிலே, சின்னஞ்சிறு இணையக் கடை நடத்தும் ஒரு பெண், தன் சரக்கைக் கடல் கடந்து அனுப்பக் கூலி என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கும் கணக்கே அது!

எளிய எடுத்துக்காட்டாகவே கொள்வோம். வில்லியனூர்க் கைவினைஞர் வனைந்த சுடுமண் குதிரை ஒன்று. விலை 1,500 ரூபாய் என்று வையுங்கள். பாரிஸ் பட்டணத்திலே, லா சப்பேல் பகுதியிலே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று அதை விரும்பிக் கேட்கிறது. மண்ணாலான பொருள், தவறி விழுந்தால் தவிடுபொடி! ஆகவே காகிதச் சுருள் திணித்து, அட்டை சுற்றி, 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள பெட்டியிலே வைத்து, தனியார் கூரியர் நிலையத்துக்குத் தூக்கிச் செல்கிறாள் அந்தப் பெண். அங்கே நடைபெறும் நாடகத்தைக் கேளுங்கள்.

"என்ன எடை, அம்மா?"

"குதிரை இரண்டு கிலோ, ஐயா. பெட்டியோடு சேர்த்தால் இரண்டரை."

"தராசு அப்படித்தான் சொல்லும். எங்கள் கணக்கு ஏழரை என்கிறது."

"ஏழரையா! ஒரு குதிரைதானே வைத்தேன். வழியிலே குட்டி போட்டுவிட்டதா?"

"குட்டி போடவில்லை, அம்மா. நாற்பதை முப்பதால் பெருக்கி, மறுபடியும் முப்பதால் பெருக்கினால் 36,000. அதை 5,000ஆல் வகுத்தால் 7.2. அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் ஏழரை. பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் எடை உண்டு!"

சோதிடத்தை நம்பாத நம்மையும் பிடித்தாட்டும் ஏழரை இதுதான், தோழர்களே! இரண்டரைக் கிலோ பொருள். ஐந்து கிலோ காற்று. பொருளுக்குக் கூலி கேட்டால் பொறுக்கலாம், காற்றுக்கும் கூலியா? அத்தோடும் முடியவில்லை. எரிபொருளுக்கு ஒரு கூடுதல். சேருமிடம் நகருக்கு அப்பால் என்றால் அதற்கொரு கூடுதல். பிரெஞ்சு மண்ணிலே 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 22 யூரோவுக்கு உட்பட்ட சிறு பொட்டலங்களுக்கு முன்பு இருந்த விலக்கையும் 2021 ஜூலை முதல் நாளோடு ஐரோப்பிய ஒன்றியம் நீக்கிவிட்டது. அந்த வரியை வாசலிலே வந்து கேட்கும்போது, வாங்குவோர் முகம் சுளித்து, வேண்டாம் என்று சொன்னால், போன குதிரை திரும்பி வரும் கூலியும் விற்றவள் தலையிலே!

நான் கூரியர் நிறுவனத்தைக் குறைகூற வரவில்லை. வானூர்தியிலே இடம் குறைவு. பஞ்சு மூட்டைக்கும் இரும்புக் குண்டுக்கும் ஒரே அளவுகோல் போதாது. வணிகன் தன் வரவைப் பார்க்கிறான். நான் கேட்பதெல்லாம், அந்தப் பெண்ணின் பக்கம் நின்று கணக்குப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்பதே!

கலையிலே குறையா? வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலைக்கும் உண்டு. வில்லியனூர் மண்கலைஞர் முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டிலே பத்மஸ்ரீ விருது வழங்கிற்று ஒன்றிய அரசு. கலைஞனுக்குப் பட்டயம், கலைப்பொருளுக்கு முட்டுக்கட்டை! மரபிலே குறையா? மணப்பட்டுக்கு வடக்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலே அரிக்கமேடு இருக்கிறது. 1945இலே மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரியின் மதுச் சாடிகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பு காற்றைப் பாயிலே பிடித்து வாணிபம் செய்த கரை இது. அன்று காற்று நமக்குக் கூலியாள். இன்று காற்றுக்கு நாம் கூலி கொடுக்கிறோம்!

"தூரம் அதிகம், கூலி அதிகம், இதிலே அரசியல் எங்கே வந்தது?" என்று மேதாவிகள் சிலர் கேட்கக்கூடும். அவர்கட்கு வரலாறு விடை சொல்லும். 1854ஆம் ஆண்டிலே, டல்ஹவுசி ஆட்சியிலே, கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா என்று விதித்தார்கள். பக்கத்து ஊருக்கும் அரை அணா, நாட்டின் மறுகோடிக்கும் அரை அணா. தூரத்தைக் கணக்கிலிருந்து துடைத்தெறிந்தது ஓர் அரசு ஆணை! 1874இலே பெர்ன் நகர ஒப்பந்தத்தால் உலக அஞ்சல் ஒன்றியம் உருவாயிற்று. ஒரு நாட்டுப் பொட்டலத்தை மறுநாடு வீடு சேர்க்க என்ன கட்டணம் என்பதை நாடுகள் கூடித்தான் முடிவு செய்கின்றன. அந்தக் கட்டணம் தனக்கு நட்டம் என்று சொல்லி, 2018இலே விலகப்போவதாக மிரட்டிற்று அமெரிக்கா. 2019 செப்டம்பரிலே ஜெனீவாவில் கூடிய மாநாடு இறங்கிவந்து, 2020 ஜூலை முதல் தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கும் உரிமையை அதற்குக் கொடுத்தது. வல்லரசு வாதாடி வாங்கும் பொருளுக்குப் பெயர் அரசியல் அல்லாமல் வேறென்ன?

2025ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். 800 டாலர் வரையுள்ள பொட்டலங்களுக்கு இருந்த தீர்வை விலக்கை ஆகஸ்டு 29ஆம் நாளோடு அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நீக்கிற்று. தீர்வையை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்பதே தெளிவாகாத நிலையிலே, ஆகஸ்டு 25 முதல் அமெரிக்கப் பொட்டலங்களை நிறுத்திற்று நம் அஞ்சல் துறை. மீண்டும் வழி திறந்தது அக்டோபர் 15. இடையிலே வந்துபோயிற்று நவராத்திரிக் கொலு. கொலுவிலே நமக்கு நம்பிக்கை இல்லாமலிருக்கலாம். ஆனால் பொம்மை செய்வோர் வீட்டு அடுப்பு எரியும் பருவம் அது என்பது தெரியும். திறந்த வழியிலும் அன்று தீர்வை 50 சதவீதம். 1,500 ரூபாய்க் குதிரைக்கு 750 ரூபாய்! விகிதம் நாளைக்கே மாறலாம். ஆனால், முன்னறிவிப்பின்றி மாறும் சுமை முதலில் யார் முதுகிலே விழுகிறது என்பது மட்டும் மாறுவதேயில்லை.

பெரிய ஏற்றுமதியாளருக்கு இந்தத் துன்பம் இல்லையா? இருக்கிறது, ஆனால் தாங்கும் தோள் இருக்கிறது. இருபது அடிக் கொள்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். நம் பெண்ணின் பெட்டி 0.036 கன மீட்டர். 800 பெட்டிகள் அதில் அடங்கும். கப்பற் கூலியை 800ஆல் வகுத்துக்கொள்கிறான் பெருவணிகன். அவளோ ஒற்றைப் பெட்டிக்காரி. வகுக்க வழியின்றி வாடுகிறாள். ஏற்றுமதியாளருக்குரிய தீர்வைத் திருப்பமும் வரிக் கழிவும் கப்பலிலும் வானூர்தியிலும் சரக்கு அனுப்பியோருக்கு ஆண்டுக்கணக்கிலே கிட்டின. அஞ்சலிலே அனுப்பும் எளியோருக்கு அவை எட்டியது 2026 ஜனவரி 15ஆம் நாளில்தான். இத்தனை காலம் கடந்த நீதிக்கு யார் வட்டி கொடுப்பார்கள்?

கூலிக் கணக்கை ஆயுதமாக்கிய கொடுமையைத் தமிழகம் முன்பே கண்டதுண்டு. 1906இலே தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பத்து லட்சம் மூலதனம். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, இலவசமாகவே ஏற்றுகிறேன் என்றது. அவர்களால் நட்டத்தைத் தாங்க முடிந்தது. அதிகாரம் அவர்களுக்கு அரணாய் நின்றது. 1908இலே சிதம்பரனார் சிறை புகுந்தார், கம்பெனி சீரழிந்தது. அந்த வரலாறு நமக்குச் சொல்வது இரண்டு: சிறியோர் பங்கு சேர்த்துத் திரண்டால்தான் கப்பல் மிதக்கும், அரசு அவர்கள் பக்கம் நின்றால்தான் கப்பல் கரை சேரும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. அஞ்சலக ஏற்றுமதி மையங்கள் 2022 முதல் ஆயிரத்துக்கு மேல் திறந்திருப்பதாகக் கூறுகிறார்களே, அந்தச் சேவை பாகூரிலும் வில்லியனூரிலும், தமிழ் தெரிந்த அலுவலரோடு, அன்றாடம் நடக்க வேண்டும். கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகைக் கட்டணம் வேண்டும். தராசு காட்டும் எடைக்கே அந்தக் கட்டணம்! கொம்யூன்தோறும் கூட்டுறவுக் கிடங்கு அமைத்து, சிறு கடைகளின் பெட்டிகளைச் சேர்த்து, ஒரே சரக்காய் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். சேருமிடத்து வரியையும் சேர்த்து, இறுதித் தொகை இதுவென்று அஞ்சலகச் சாளரத்திலேயே சொல்ல வேண்டும்.

அதுவரை நமக்கும் வேலை உண்டு, தோழர்களே! கிளைதோறும் கைவினை செய்வோரைக் கண்டு பேசுங்கள். 500 ரூபாய்க் கட்டணத்திலே ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெறலாம். படிவம் நிரப்பத் துணை நில்லுங்கள். விலை சொல்லுமுன் பெட்டியை அளக்கச் சொல்லுங்கள். உயரத்திலே பத்து சென்டிமீட்டர் குறைந்தால் 7.2 என்பது 4.8 ஆகும் என்று காட்டுங்கள். ஒற்றைப் பெட்டிகளை ஒன்று சேருங்கள். சேர்ந்த பின், அந்தக் கணக்குத் தாளைக் கையிலே ஏந்தி அஞ்சலகத்தின் முன்னும் ஆட்சியாளர் முன்னும் நில்லுங்கள்.

குதிரை வனைந்த கை நம்முடையது. அது கடல் கடக்கும் வழியையும் நாமே கேட்டுப் பெறுவோம்!