பனியில் போகும் நேரம் யார் கணக்கில்?

மார்கழி மாதத்தில் தீர்த்தமலைக்கு வருகிற பக்தர்கள் பனியைப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை, மேகம் இறங்கி வந்து படியில் உட்கார்ந்திருக்கிறது என்று புளகாங்கிதம் அடைகிறார்கள். அவர்கள் வந்து சேரும்போது சூரியன் எழுந்திருப்பான். அதே மலையடிவாரத்து ரோட்டில் காலை நாலரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? தலையில் துண்டை முக்காடிட்டு, இடுப்பில் களிப் போசியை இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற இருட்டில் ஒரு கூட்டம் நிற்கும். அது சுவாமி தரிசனத்துக்கு வந்த கூட்டமல்ல. கரும்பு வெட்டவும், களை எடுக்கவும், கட்டட வேலைக்கும், கம்பெனி வேலைக்கும் போகிற கூட்டம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மச்சு உள்ளவனைப் பனி தொட மாசி வரை காத்திருக்க வேண்டும். ஓலைக் கூரைக்காரனை அது கார்த்திகையிலேயே எழுப்பிவிடுகிறது. பழமொழி சொன்னவன் எந்த வீட்டில் படுத்திருந்தான் என்பது இதிலேயே தெரிகிறது!

இந்தப் பனிக்காலம்தான் ஆலைகளில் கரும்பு அரவை நடக்கும் காலம். அரூர் பக்கத்தில் கோபாலபுரத்திலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டும் ஆளைக் கேட்டுப் பாருங்கள், பனி என்றால் என்ன என்று சொல்லுவார். இரவெல்லாம் பனி குடித்த சோகை ரம்பம் மாதிரி கையைக் கிழிக்கும். முதல் அரை மணியில் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிடும். விரல் மரத்துப்போய் அரிவாள் நழுவும். ஆனால் இந்தக் கஷ்டமெல்லாம் வயலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வருவது. நாம் இங்கே பேச வந்தது போய்ச் சேரும் வழியைப் பற்றி.

மேஸ்திரி அனுப்புகிற வண்டி எது? காய்கறியும் சிமெண்டும் ஏற்றுகிற சரக்கு வண்டி. குட்டி யானை என்று ஜனங்கள் பெயர் வைத்த அந்தச் சின்ன வண்டியின் பின்தட்டில் இருபது பேர், இருபத்தைந்து பேர். உட்கார இடமில்லை, பிடிக்கக் கம்பியில்லை. மேலே திறந்த வானம், எதிரே பத்து கஜம் தாண்டித் தெரியாத மூடுபனி. இரண்டு பக்கமும் பல்லைக் கிட்டவைக்கும் வாடை. கைக்குழந்தைக்காரி குழந்தையை நடுவில் வைத்துச் சுற்றிலும் பெண்கள் சுவர் மாதிரி நிற்கிறார்கள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். திரும்பும்போதும் அப்படியே. ஓசூர் பக்கமும் திருப்பூர் பக்கமும் கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்களுக்குத் தலைக்கு மேல் தகரம் உண்டு, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அவர்களும் மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவர்கள்தான்.

கூலிக் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது? முதல் கரும்பில் அரிவாள் விழும்போது. ஆலையில் மெஷின் ஓடும்போது. அதற்கு முன்னால் போன மூன்று மணி நேரம் யாருடையது? எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தி வாங்கிய கணக்கில், இந்த மூன்று மணியை உறக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்கிறார்கள். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எழுந்து நின்றன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்று பன்னிரண்டு என்று பேசிய மகானுபாவர்கள் இந்த வழிநேரத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தார்களா? பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. மிச்சமிருக்கும் ஒன்பதில் சமையல், பிள்ளை, தண்ணீர் பிடிப்பது போகத் தூக்கம் எவ்வளவு?

முதலாளி ஒரு வாதம் வைத்திருக்கிறான். "உன்னை யார் அவ்வளவு தூரத்தில் குடியிருக்கச் சொன்னது? வாசலுக்கு வந்த பிறகுதான் நீ என் ஆள். வழி உன் சொந்த விவகாரம்" என்கிறான். கேட்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் ஆலை வாசலில் ஒரு அறை வாடகை என்ன, அவன் கொடுக்கும் சம்பளம் என்ன என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவான். வானம் பார்த்த பூமியில் வேலையில்லாமல் தவிக்கும் கிராமத்தைத் தேடி அவனே வண்டி அனுப்புகிறான். பக்கத்தில் இருப்பவன் கூலி உயர்த்திக் கேட்பான், தூரத்தில் இருப்பவன் கிடைத்ததை வாங்குவான் என்பது அவனுக்குத் தெரியாதா? நம்முடைய தூரத்தில் அவனுக்கு லாபம் இருக்கிறது. லாபம் அவனுக்கு, தூரம் மட்டும் நமக்கா?

இந்த "வாசல் வாதம்" கோர்ட்டுகளில் எத்தனை குடும்பங்களை அலைக்கழித்தது என்று பாருங்கள்.

1952 ஜூன் மாதம். சௌராஷ்டிரத்தில் ஓர் உப்பளம். வேலைக்குப் போக வரக் கழியைப் படகில் கடக்க வேண்டும். கெட்ட வானிலை, படகில் அளவுக்கு மீறிய ஆட்கள். படகு கவிழ்ந்து தொழிலாளிகள் மூழ்கிச் செத்தார்கள். குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டார்கள். அது பொதுமக்கள் போகும் படகு, உப்பளத்துக்குள் நடந்த விபத்து அல்ல என்று 1958-ல் சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. பிழைப்புக்காகவே அந்தத் தண்ணீரில் இறங்கினவர்கள், தண்ணீரில் செத்ததால் பிழைப்புக்குச் சம்பந்தமில்லாதவர்கள் ஆனார்கள்!

அடுத்தது 1971. நாலரை மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் போன ஓர் ஆலைத் தொழிலாளியை நாலேகால் மணிக்கு, ஆலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில், லாரி அடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த லாரி யாருடையது? அவன் வேலை செய்த கம்பெனியுடையது! அப்படியும், வீட்டை விட்டுக் கிளம்பியதாலேயே வேலை தொடங்கிவிடாது என்று 1996-ல் தீர்ப்பு. கால் நூற்றாண்டு.

இந்தப் பாறையில் ஒரு விரிசல் 2010 ஜூன் மாதம் விழுந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாதவன் கதி?

அதற்கு இன்னும் பதினைந்து வருஷம். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. நம் ஆலை ஆட்களைப் போலவே அவரும் ஊர் உறங்கும் நேரத்தில் கிளம்பியவர். அவருடைய டூட்டி அதிகாலை மூன்று மணிக்கு. 2003 ஏப்ரல் 22 அன்று வேலைக்குப் போகிற வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால், விபத்தில் இறந்தார். மனைவி, நான்கு பிள்ளைகள், வயதான தாய். கமிஷனர் 3,26,140 ரூபாய் கொடுக்கச் சொன்னார். ஹைகோர்ட் ரத்து செய்தது. 2025 ஜூலை 29-ல்தான் சுப்ரீம் கோர்ட், 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்திலும் "வேலையின்போது நேர்ந்த விபத்து" என்பதற்குள் வேலைக்குப் போகும் வழியும் அடங்கும் என்று சொல்லி அந்தப் பணத்தைத் திரும்ப உறுதி செய்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரு விதவை கோர்ட் வாசலில் நின்றிருக்கிறாள். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த வாசகம் ஏறியிருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் பறிபோனது என்ன என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். கையில் கிடைத்த ஆயுதத்தை மட்டும் கீழே போட வேண்டாம்.

நிஜமாகவே வானத்திலிருந்து பனிக்கட்டி கொட்டுகிற ஜெர்மனியில், வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு 1925-லேயே வந்துவிட்டது. நமக்கு முன்னால் எண்பத்தைந்து வருஷம். நேரத்துக்குக் கூலி என்ற கோரிக்கையும் ஆகாசக் கோட்டை அல்ல. ஸ்பெயினில் தினம் ஒரு இடத்துக்கு அனுப்பப்படும் மெக்கானிக்குகளுக்காகத் தொழிற்சங்கம் வழக்காடியது. நிலையான வேலையிடம் இல்லாதவன் வீட்டிலிருந்து முதல் இடத்துக்குப் போகும் நேரமும், கடைசி இடத்திலிருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு ஒரு தோட்டம் என்று மேஸ்திரி இழுத்துப் போகும் நம் கரும்பு வெட்டு ஆளுக்கு நிலையான இடம் எது?

அவ்வளவு தூரம் போவானேன்? 2005-ல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் போக்குவரத்துக்காகக் கூலியில் பத்து சதவீதம் அதிகம் கொடு என்று எழுதினார்கள். வழிக்கு விலை உண்டு என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு, தனியார் பண்ணைக்கும் கான்டிராக்டருக்கும் மட்டும் அது எப்படி இல்லாமல் போகும்?

விவசாயத் தொழிலாளியின் நிலைமைதான் எல்லாவற்றிலும் மோசம். வண்டி கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சரக்கு வண்டியில் ஏறிப்போன பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. ஆக, மூட்டைகளோடு மூட்டையாக ஏற்றப்பட்டவள் அடிபட்டால் மூட்டைக்குள்ள மதிப்புகூட அவளுக்கு இல்லை. போலீஸ் அவ்வப்போது வண்டியை மடக்கி அபராதம் போடும். அன்றைக்குக் கூலி போவது ஏறினவளுக்கு. வண்டியை அனுப்பினவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது.

ஆகையால் கூலி பேசும்போதே வழியையும் பேசுங்கள். பின்தட்டு வண்டி வேண்டாம், இருக்கையும் கூரையும் உள்ள வண்டி கொடு. ஏறுகிற நேரத்திலிருந்து கூலி எழுது. வழியில் அடிபட்டால் நஷ்டஈட்டுக்கு நீயே பொறுப்பு என்று கையெழுத்துப் போடு. ஊரே சேர்ந்து கேட்டால் மேஸ்திரி எந்த ஊருக்குப் போய் ஆள் பிடிப்பான்? பனிக்காலத்தில் கரும்பு காத்திருக்காது, வெட்டிய கரும்பு வெயிலில் எடை குறையும். அவசரம் அவனுக்குத்தான்.

இன்னொன்று. சட்டம் "தொடர்பு நிரூபிக்கப்பட வேண்டும்" என்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எந்த வேலைக்கு என்று காட்ட வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஏறுகிற இடத்தில் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுங்கள். தேதி, ஏறின நேரம், வண்டி நம்பர், எத்தனை பேர், யார் தோட்டம், இறங்கின நேரம். மேஸ்திரியின் கையெழுத்தைக் கேளுங்கள். மறுத்தால், மறுத்தான் என்று அதையும் எழுதி, ஏறின எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். பனியில் எழுத்து தெரியாவிட்டால் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் எழுதட்டும். எழுதி முடிக்கிற வரை வண்டி நிற்கட்டும்.