தலைக்கவசமும் தவக்குலும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பகுதிகளில் கிரிக்கெட் பயிற்சி முகாம்கள் பெருகிவிடுகின்றன. ஃபஜ்ர் தொழுகையை முடித்த கையோடு நம் பிள்ளைகள் கிட் பையுடன் புறப்படுகிறார்கள். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள் அங்கே முதன்முதலாகத் தோல் பந்தை எதிர்கொள்கிறார்கள். உடலை உறுதியாக்கும் விளையாட்டை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால், அப்பிள்ளையின் தலையைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், கவசம் என்ன செய்துவிடும்?" என்பார் நம்மிடையே உண்டு. இது தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். உஹதுப் போரில் அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள், தலைக்கவசமும் அணிந்திருந்தார்கள். அது உடைந்து திருமுகம் காயமுற்றது. அல்லாஹ்வின் தூதரே கவசம் அணிந்திருக்க, நாம் அதை ஈமானின் குறைவாகக் கருதலாமா? ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் உயிரைக் காப்பதும் ஒன்றல்லவா?

தொழில்முறை விளையாட்டு இப்பாடத்தை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றது. 1962இல் பார்படோஸில் இந்திய அணித் தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோடு பந்து பட்டு உடைந்தது. அவர் உயிர் பிழைத்தார். மீண்டும் டெஸ்ட் ஆடவில்லை. அதே பிரிட்ஜ்டவுன் மைதானத்தில் 1978இல்தான் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முறையாகத் தலைக்கவசம் அணிந்தார். இடையில் 16 ஆண்டுகள் கழிந்திருந்தன. கவசம் பரவலான பின்னரும் 1998இல் டாக்காவில், மட்டையாளருக்கு மிக அருகே கவசமின்றி நின்ற இந்திய வீரர் ராமன் லம்பா தலையில் பந்து பட்டு இறந்தார். 2014இல் சிட்னியில் பிலிப் ஹியூஸ் கவசம் அணிந்திருந்தும், அது மறைக்காத கழுத்தில் பந்து தாக்கி மாண்டார். அதன் பின்னரே கழுத்துக் காப்புகள் வந்தன. ஆஸ்திரேலிய வாரியம் தன் போட்டிகளில் வேகப்பந்தை எதிர்கொள்வோர்க்கு அவற்றைக் கட்டாயமாக்கியதோ 2023 அக்டோபரில். 2025 அக்டோபரில் மெல்போர்னில், வலைப் பயிற்சியின்போது 17 வயது இளைஞர் ஒருவர் கழுத்தில் பந்து பட்டு இறந்தார். தலைக்கவசம் இருந்தது, கழுத்துக் காப்பு இல்லை.

வலிமையைக் கூட்டும் கருவிகளோ இவ்வளவு தாமதிப்பதில்லை. மட்டைகள் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே வந்ததால், 2017இல் விளிம்பு 40 மில்லிமீட்டர், மொத்தத் தடிமன் 67 மில்லிமீட்டர் என வரம்பு விதிக்க நேர்ந்தது. மட்டையாளர் கவசத்துள் இருக்கிறார். அவர் அடிக்கும் பந்துக்கு எதிரே பந்துவீச்சாளரும் நடுவரும் பெரும்பாலும் வெறுந்தலையுடன் நிற்கிறார்கள். ஒருவரது ஆற்றலைப் பெருக்கும் கருவி மற்றவருக்குத் தீங்காகக் கூடாது. தீங்கு செய்தலும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் இல்லை என்ற நபிவழி நெறி இங்கும் பொருந்தும்.

ஆதாயம் அடைபவரே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. ஒளிபரப்பாலும் விளம்பரத்தாலும் பொருளீட்டும் அமைப்புகளுக்கு மட்டுமன்று, மாதக் கட்டணம் பெறும் நம் பகுதிப் பயிற்சி மையங்களுக்கும் இது உரியது. நல்ல கவசம் வாங்க இயலாத ஏழைப் பிள்ளையை வெறுந்தலையுடன் வேகப்பந்தின் முன் நிறுத்துவது அமானித மோசடி.

எனினும், கவசம் பெரியோரின் நிதானத்துக்கு ஈடாகாது. நமக்கு அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் 2023 ஆகஸ்டில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். தலைக்கவசமின்றி எவரும் இறங்க முடியாத களம் அது. அவ்வயதில் அவ்வேகம் தகுமா என்பதைக் கருவி முடிவு செய்யாது. பெற்றோரும் அமைப்பாளரும்தாம் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் பயிற்சி மையத்தை நேரில் பாருங்கள். பொதுப் பையிலுள்ள கவசம் உங்கள் பிள்ளையின் தலைக்குப் பொருந்துகிறதா? சிறுவர் பந்து அளவில் சிறியது. முகக் கம்பிகளின் இடைவெளி வழியே அது நுழையுமா? கழுத்துக் காப்பு உண்டா? பலத்த அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிடினும், மாற்றுகிறார்களா? தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மீண்டும் ஆடவிடாமல் மருத்துவரிடம் அனுப்புகிறார்களா? இவற்றைக் கேட்பது கோழைத்தனமன்று. இயன்றவர்கள், இயலாத பிள்ளை ஒருவனுக்கும் சேர்த்துக் கவசம் வாங்கித் தரட்டும். உயிர் காக்கும் ஸதகா அது.

நம் மக்கள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவர்களைப் பற்றி நாளை மறுமையில் வினவப்படுவோம். காரணங்களைப் பேணி, முடிவை அவனிடமே ஒப்படைக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.