விடுமுறை உண்டு, திரும்ப வழியுண்டா?

பெண் கல்வியிற் சிறந்தவர்கள் நாம் என்று பெருமை பேசாத தமிழ் மேடை இல்லை. அப்பெருமைக்கு விலை கொடுத்தவர் யார்? வெங்காயமும் புகையிலையும் விற்ற வலிகாமத்துத் தோட்டக்காரர். நெல் விற்ற வன்னிக் கமக்காரர். அவர்களே தம் பெண்மக்களை ஆசிரியைகளாகவும் கணக்காளர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆக்கினர். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று பெண்களே. ஆயினும், நாட்டின் தொழிற்படையில் நிற்பவர்களோ பெண்களில் மூவருக்கு ஒருவர் அளவினரே. ஏனையோரிற் பலர் பிள்ளை பிறந்ததும் உத்தியோகத்தை விட்டவர்கள். மீண்டு வர வழி காணாதவர்கள்.

சட்டம் இல்லையா என்பார்கள். உண்டு. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் 2018 இல் திருத்தப்பட்டன. எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை என்றாயிற்று. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், விடுமுறை கொடுப்பது வேறு. திரும்பிவர வழி செய்வது வேறு. எண்பத்தைந்தாம் நாள் அப்பிள்ளையை யார் கையிற் கொடுப்பது? முன்னாளில் அம்மம்மா இருந்தார், சித்தி இருந்தார். போரும் புலப்பெயர்வும் எத்தனையோ குடும்பங்களைச் சிதறடித்துவிட்டன. அம்மம்மா கனடாவிலே, சித்தி இலண்டனிலே!

பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்டும் இடைவேளை கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். பிள்ளை பராமரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். தாய் யாழ்ப்பாண நகரத்து அலுவலகத்தில், பிள்ளை பருத்தித்துறையில், இடையே முப்பது கிலோமீற்றருக்கு மேல்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

அடுத்து, செலவின் கதை. மகப்பேற்றுக் காலச் சம்பளத்தைத் தனித்தனி வேலைகொள்வோர் தலையிற் சுமத்தலாகாது என்று சர்வதேச தொழில் நிறுவனத்தின் 103 ஆம் இலக்க உடன்படிக்கை 1952 இலேயே விதித்தது. இலங்கை 1993 இல் அதனை ஏற்று ஒப்புதல் அளித்தது. எனினும் 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போதும் அச்சுமை வேலைகொள்வோர் மீதே விடப்பட்டது. விளைவு யாது? இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கவே முதலாளி தயங்குகிறான். காக்க வந்த சட்டமே கதவைச் சாத்துகிறது. சில ஆண்டுகள் பிள்ளையோடு வீட்டிலிருந்தவள் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தாலோ, வயதெல்லை குறுக்கே நிற்கிறது.

பிள்ளை வளர்ப்பது தாயின் கடன், அவள் வீட்டிலிருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வீட்டிலிருக்க விரும்பும் தாயை நாம் குறை கூறவில்லை. விரும்பி இருப்பது வேறு, வழியின்றி இருப்பது வேறு என்றே சொல்கிறோம். பிள்ளை வளர்ப்பது கடனென்றால் அது சமுதாயத்தின் கடனுமாகும். கமக்காரப் பெண்ணுக்கோ அந்த 84 நாளும் இல்லை; வரம்போரத்து மரநிழலே அவள் பிள்ளைக்குத் தொட்டில்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மகப்பேற்றுக் காலச் சம்பளத்தைப் பொது நிதியொன்று ஏற்கவேண்டும். பிள்ளைக்காக வேலையை விட்ட தாய்மாருக்கு ஆட்சேர்ப்பு வயதெல்லையைத் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையமேனும் நடத்தவேண்டும். உத்தியோகத்தர் பிள்ளையும் கமக்காரர் பிள்ளையும் அங்கே ஒரே பாயிற் படுக்கவேண்டும்.

முதலிரண்டும் கொழும்பு செய்யவேண்டியவை. மூன்றாவதோ நம் வாக்குகளால் நாற்காலி ஏறியவர்கள் செய்யக்கூடியது. முன்பள்ளி நடத்தத் தெரிந்த சபைகளுக்குத் தொட்டில் கட்டத் தெரியாதா? உரிமை கேட்டு மேடை ஏறுவோர், தம் கைக்குள் இருக்கும் அதிகாரத்தை முதலிற் பயன்படுத்திக் காட்டட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டுப் படலையைத் திறப்பவர்களிடம் இதனைக் கேளுங்கள். பதில் வந்தபின் வாக்களியுங்கள்.