மழலையர் பாடத்திட்டம்: எதைக் கேட்டறிவது?



மூன்று வயதுச் செல்வத்தைப் பாலர் பள்ளியில் சேர்க்க எண்ணும்போது, "எங்கள் பாடத்திட்டம் ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். எந்த ஆய்வு, எத்தனை குழந்தைகள், எத்தனை ஆண்டுகள் என்று கேட்டதுண்டா? அப்படிக் கேட்பதன் அருமையை உணர்த்த, அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில், 1962ஆம் ஆண்டு டேவிட் வைகார்ட் என்பவர் பெர்ரி பள்ளியில் பாலர் வகுப்பொன்றைத் தொடங்கினார். ஆய்வில் சேர்ந்தவர் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள். அவர்களுள் 58 பேர் வகுப்புக்கு வந்தனர். 65 பேருக்கு அவ்வகுப்பு இல்லை. இப்பிரிவினை பெரும்பாலும் குலுக்கல் போன்ற முறையில் நடந்தது. பெற்றோர் விருப்பத்திற்கு விட்டிருந்தால் அக்கறை மிகுந்த வீட்டுப் பிள்ளைகளே வந்திருப்பர். பின்னாளில் காணும் நன்மை வகுப்பால் விளைந்ததா, வீட்டால் விளைந்ததா என்று பிரித்தறிய இயலாது போயிருக்கும்.

முதலில் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் விரைந்து உயர்ந்தது. ஆனால் எட்டு வயதளவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது! ஆய்வை அத்துடன் முடித்திருந்தால் "வீண் முயற்சி" என்றே எழுதியிருப்பார்கள். அவர்கள் விடவில்லை, அப்பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்தனர். உயர்நிலைப் பள்ளியை முடித்தோர் வகுப்புக்கு வந்தவரில் 77 விழுக்காடு, வராதவரில் 60. ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர் முன்னவரில் 36 விழுக்காடு, பின்னவரில் 55.

குறையும் உண்டு. 123 பேர் என்பது சிறிய தொகை. பிரிவினையிலும் சில குழந்தைகளை இடம் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே இதை இறுதித் தீர்ப்பெனக் கொள்ளலாகாது.

வைகார்ட் 1967இல் மற்றொன்றும் செய்தார். 68 குழந்தைகளை மூன்று விதப் பாடத்திட்டங்களில் வைத்துப் பார்த்தார். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளை ஒப்பிக்கும் நேரடிப் போதனை ஒன்று. பிள்ளை தானே திட்டமிட்டுச் செய்து, செய்ததைச் சொல்லும் முறை மற்றொன்று. வழக்கமான விளையாட்டுப் பள்ளி மூன்றாவது. நுண்ணறிவு மதிப்பெண் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே உயர்ந்தது. ஆனால் பதினைந்து வயதிலும் இருபத்து மூன்று வயதிலும் கேட்டபோது, நேரடிப் போதனை பெற்றோரிடையே தவறான நடத்தை மிகுதியாகக் காணப்பட்டது. தொகை சிறிதென்று இதை மறுப்போரும் உளர். எனினும் மூன்று வயதில் எழுத்தை ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பூரிக்கும் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறது அன்றோ!

அவசரப்படும் மனம் நம்முடையதும்தான். அண்டை வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி, டி சொல்லிவிட்டால் நமக்கு உறக்கம் வருவதில்லை.

விளம்பரங்கள் எடுத்துச் சொல்லாத ஒரு செய்தியுண்டு. பெர்ரி வகுப்பு காலையில் இரண்டரை மணி நேரமே. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. வாரம் ஒரு முறை அந்த ஆசிரியை வீடு தேடிச் சென்று, தாயுடனும் பிள்ளையுடனும் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருந்தார். பாடத்திட்டப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் அறையில் நாற்பது பிள்ளைகளை அடைத்தால் அதே பலனை எதிர்பார்க்க முடியுமா? சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடுமுன், "ஓர் ஆசிரியைக்கு எத்தனை குழந்தைகள்? எங்களுடன் எப்போது பேசுவீர்கள்?" என்று கேளுங்கள், சகோதரிகளே.